பரணில் இருக்கும் கேமரா டேப்புகளை இந்த வருடமே இறக்குங்கள்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



யார் யார் வீட்டில் பழைய கேம்கார்டர் டேப் இருக்கிறது என்று இப்போது கேட்டேன். ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. அந்த ஏழெட்டு வீட்டுக்காரர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

எங்கள் வீட்டில் ஆறு டேப் இருந்தது. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ 8 கேமராவில் எடுத்தவை. ஒன்றில், ஆடிப்பெருக்கன்று அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்குப் போனது. இன்னொன்றில் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். இன்று இருவரும் இல்லை. போட்டோ நிறைய இருக்கிறது. ஆனால் அவர்கள் குரல் அந்த டேப்பில் மட்டும்தான் இருந்தது.

ஏன் அவசரம் என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். முதலாவது, டேப் கெடுகிறது. காந்தத் துகள்களைப் பிளாஸ்டிக் நாடாவோடு பிடித்து வைத்திருப்பது ஒரு பசை. வெயிலிலும் ஈரத்திலும் அது இளகிப்போகும். மேல்மாடி வீட்டுப் பரண் நம் ஊர்க் கோடையில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது, ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016இல் விசிஆர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து, காந்த நாடாக்களை 2025 வாக்கிலாவது மாற்றிவிட வேண்டும் என்று எச்சரித்தன. அந்தக் கெடுவும் வந்துவிட்டது.

இனி, வீட்டுக் கம்ப்யூட்டரில் மாற்றும் முறை.

முதல் வேலை, கேசட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தடுப்பை நகர்த்தி வையுங்கள். அப்போதுதான் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழையது அழியாது. கேமராவின் பழைய பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். டேப்பை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகு போடுங்கள்.

உங்களுடையது வீடியோ 8, ஹை 8, விஎச்எஸ்-சி என்றால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட ஏவி கேபிளை ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவியில் மாட்டி, கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம். ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். நம் நாட்டில் வாங்கிய கேமரா என்றால் 'பால்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'என்டிஎஸ்சி' என்று விட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். நானும் முதல் நாள் அப்படித்தான் விழித்தேன்.

மினி டிவி டேப் என்றால் ஏற்கெனவே டிஜிட்டல்தான். அதற்கு ஃபயர்வயர் கேபிள் வேண்டும். புதிய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளை இருக்காது. பழைய கம்ப்யூட்டர் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மணி நேர டேப்புக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும்.

ஒரு மணி நேர டேப்பை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. கம்ப்யூட்டர் நடுவில் தூங்கிவிடாதபடி செட்டிங்கை மாற்றி வையுங்கள்.

பிறகு டிஸ்க். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் பிடிக்கும். டிவிடி பிளேயரில் ஓட வேண்டுமென்றால், ஃபைலை அப்படியே காப்பி செய்தால் போதாது. டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருளில் டிவிடி வடிவத்துக்கு மாற்றிப் பதிய வேண்டும். சுமாராக இரண்டு மணி நேரப் படம் ஒரு டிஸ்க்கில் அடங்கும். அந்த டிஸ்க்கும் நிரந்தரம் இல்லை. மூல ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் தம்பி, தங்கை வீட்டில் ஒன்று என்று வைத்திருங்கள்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். அறுபதாம் கல்யாண டேப்பில், சிறு ஜன்னல் வழியே பார்த்தால் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தது. ஆசையில் அப்படியே கேமராவில் போட்டேன். ஐந்தாவது நிமிடம் நாடா சிக்கி அறுந்தது. அப்பா மாலையோடு உட்காரும் வரைதான் எனக்குக் கிடைத்தது. பூஞ்சை தெரிந்தால் போடவே போடாதீர்கள். டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஆடிப்பெருக்கு டேப் மட்டும் நன்றாக ஓடியது. ஆற்றில் நின்றுகொண்டு அம்மா என்னைப் பார்த்து, "கண்ணு, அந்தப் பெட்டியக் கீழ வெச்சுட்டு வந்து ரெண்டு முழுக்குப் போடு" என்கிறார். என் பேத்தி பிறந்தபோது அம்மா இல்லை. அவள் பாட்டியின் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டு, "திரும்பப் போடுங்க தாத்தா" என்றாள்.

அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் முழுகிய நந்தி மறுபடி தலைகாட்டும். டேப்பில் அழிந்தது அப்படித் திரும்ப வராது.

கேப்சர் கருவியும் வீடியோ 8 கேமராவும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிறு காலையில் சங்க அறையில் வைக்கிறேன். டேப்பைக் கொண்டு வாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வாருங்கள். படத்தில் இருப்பது யார் யார் என்று சொல்ல அவர்கள்தான் வேண்டும்.