உறுதி

(எமது கழகத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

இந்த மண்டபத்திலே சைவக்காரர்தான் கூட. நான் வேதக்காரன். பத்து நிமிசம் ஏதாவது பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது, பிரசங்கம் வைக்கமாட்டேன் எண்ட வாக்கோடுதான் ஒத்துக்கொண்டேன். ஒரு காணி வாங்கின கதை சொல்லப்போறன். காணிக் கதை எண்டால் எங்கட சனம் நித்திரை கொள்ளாது.

பழைய ஏற்பாட்டிலே எரேமியா எண்டொரு தீர்க்கதரிசி வருகிறார். எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைச்சு நிற்குது. உள்ளே பஞ்சம், கொள்ளைநோய். நகரம் விழப்போகுது எண்டு உள்ளதைச் சொன்ன குற்றத்துக்காக அரசன் சிதேக்கியா அவரைக் காவல் முற்றத்திலே அடைச்சு வைச்சிருக்கிறான். அங்கே அவருடைய மச்சானல்ல, தகப்பனுடைய சகோதரன் மகன், அனாமெயேல் எண்டவன் வந்து, ஆனதோத்திலே உள்ள தன்ர நிலத்தை வாங்கச் சொல்லிக் கேட்கிறான். உரித்துக்காரன் நீர்தான் எண்டு நியாயமும் சொல்லுறான். ஆனதோத் எருசலேமுக்குக் கிட்ட, வடக்கே உள்ள ஊர். எதிரிப்படை நாடெல்லாம் பரவி நிற்கிற நேரம். அந்த நேரத்திலே காணி விற்கிறவன் கெட்டிக்காரன், வாங்குறவனுக்குத்தான் விசர் எண்டு நாங்கள் சொல்லியிருப்போம்.

எரேமியா வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, கையெழுத்து வைச்சு, சாட்சிகளைப் பிடிச்சு, முத்திரையும் போட்டார். இரண்டு பிரதி: ஒன்று முத்திரை வைச்சது, மற்றது திறந்தது. இரண்டையும் பாருக்கு எண்டவரிடம் கொடுத்து, கனகாலம் பழுதாகாமல் இருக்க மண்பாண்டத்துக்குள்ளே வைக்கச் சொன்னார். எங்கட ஊர் நொத்தாரிசுமாரும் இதைவிடக் கவனமாகச் செய்யமாட்டினம்.

எனக்குப் பிடிச்ச இடம் இதற்குப் பிறகுதான் வருகுது. காசைக் கொடுத்து, கையெழுத்தும் வைச்ச பிறகு அவர் செபிக்கிறார். அந்தச் செபத்திலே குழப்பம் தெரியுது. நகரம் எதிரியின் கையிலே போய்க்கொண்டிருக்க, என்னைப் போய் காணி வாங்கச் சொன்னீரே எண்ட மாதிரி. சந்தேகம் தீர்ந்த பிறகு வாங்கின ஆள் அல்ல. வாங்கிப்போட்டுச் சந்தேகப்பட்ட ஆள். இந்த நிலத்திலே மறுபடியும் காணி வாங்கி விற்கிற காலம் வரும் எண்ட வாக்கு மட்டும் கிடைச்சுது. அடுத்த வருசம் நகரம் விழுந்தது. பிறகு அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காணியிலே அவர் ஒருநாளாவது கால் வைச்சார் எண்டு வேதாகமத்திலே இல்லை.

இன்னொரு ஆளையும் சொல்லவேணும். கி.மு. 597இலேயே ஒரு பகுதிச் சனம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டது. அனனியா எண்டவன் வந்து, இரண்டே வருசம், எல்லாரும் திரும்பி வந்திடுவினம் எண்டான். சனத்துக்கு அது தேன் மாதிரி. எரேமியாவோ அங்கே இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கோ, தோட்டம் போடுங்கோ, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கோ, இருக்கிற நகரத்தின் நன்மைக்காகச் செபம் பண்ணுங்கோ, 70 வருசம் செல்லும் எண்டு. வாசிச்ச பெரிய ஆக்களுக்கு விளங்கியிருக்கும், தாங்கள் திரும்பப்போறதில்லை எண்டு.

நான் வெட்கத்தோடு சொல்லுறன், நான் அனனியாவின்ர கட்சி. 1985இலே கிழக்கு பேர்லின் வழியாக வந்து, ஒரு சின்னப் பட்டினத்திலே அகதி விடுதியிலே இருந்தேன். சூட்கேசை அவிட்டு உடுப்பை அலுமாரியிலே வைக்கேல்லை. இரண்டு வருசத்திலே போறதுக்கு ஏன் டொச் படிப்பான் எண்டிருந்தேன். எனக்குத் தந்த கடதாசியின் பெயர் 'டுல்டுங்'. 'பொறுத்துக்கொள்ளுதல்' எண்டு பொருள். அவர்கள் எங்களைப் பொறுத்துக்கொள்ளுகினமாம். 'கெடுல்ட்' எண்டால் பொறுமை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் எண்டு கனகாலத்துக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. கட்டிலிலே படுத்துக்கொண்டு முகட்டைப் பார்த்ததைத்தான் நான் கர்த்தருக்குக் காத்திருத்தல் எண்டு நினைச்சிருந்தேன்.

மனைவி பிள்ளையோடு ஊரிலே. 1990 ஆனியிலே வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது, தன்ர சீதனக் காணி உறுதியை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ளே போட்டுக்கொண்டு வெளிக்கிட்டா. ஆற்றையோ வளவிலே ஒரு கொட்டில். அங்கே அவ முதல் செய்த வேலை ஒரு முருங்கைத் தடி நட்டது. பின்னேரத்திலே அயல் பிள்ளைகளைச் சேர்த்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தா. நான் கோபத்திலே எழுதினேன்: ஏன் மினக்கெடுகிறாய், என்ர அலுவல் சரிவந்தவுடன் கூப்பிடுவன் எண்டு. மறுமொழி மூன்று மாதத்தால் வந்தது. காய்க்கேக்கை ஆர் இருக்கினமோ அவை கறி வைக்கட்டும் எண்டு ஒரு வரி. அதுக்குக் கீழே, நீங்கள் அங்கை பாஷை படிக்கிறியளோ எண்டு ஒரு கேள்வி.

அடுத்த கிழமை மாலை வகுப்புக்குப் பதிஞ்சேன். அவ 1993இலேதான் வந்து சேர்ந்தா. எனக்கு முன்னால் சூட்கேசை அவிட்டவ அவதான்.

காணிப் பத்திரத்துக்கு யாழ்ப்பாணத்திலே 'உறுதி' எண்டுதான் பெயர். தமிழ் வேதாகமத்திலே எபிரெயர் 11ஆம் அதிகாரம், விசுவாசம் என்ன எண்டு சொல்ல வருகிற இடத்திலும் இதே சொல்தான் நிற்குது. மொழிபெயர்த்தவர் எங்கட நொத்தாரிசுக் கந்தோரை நினைச்சிருக்கமாட்டார். ஆனால் எனக்கு அந்த அதிகாரம் வாசிக்கேக்கை பிஸ்கற் ரின் ஞாபகம்தான் வரும்.

யுத்தம் 2009இலே முடிஞ்சு, அந்தப் பக்கத்துக் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டன. எங்கட துண்டு அதிலே இல்லை. மனைவி இப்ப இல்லை. ரின் என்னட்டை இருக்கு. போன மாதம் பேத்தி அதைத் திறந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போறவள். நொத்தாரிசின்ர கையெழுத்தை விரலை வைச்சுத் தட்டித் தட்டி வாசிச்சாள். "வடக்கு எல்லை ஒழுங்கை" எண்ட இடத்திலே நிண்டாள்.

"அம்மப்பா, ஒழுங்கை எண்டால் என்ன?"

கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கீறிக் காட்டினேன். இரண்டு பக்கமும் கிடுகு வேலி, நடுவிலே மணல். கிணறு எங்கே எண்டு கேட்டாள். அதையும் கீறினேன்.