மாமரத்து எறும்பு மரத்தோடு இருக்கட்டும்

பாசிர் கூடாங் தொழிற்சாலைகளை நம்பி மாசாய்க்கு வந்து வரிசை வீடுகளில் குடியேறிய நம்மவர்கள், காரை நிறுத்தியது போக மிஞ்சிய மண்ணில் ஒரு மாமரமோ கருவேப்பிலையோ நடாமல் விடுவதில்லை. மரம் தழைத்ததும் அழைக்காமலே வந்து சேரும் விருந்தாளி ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதைக் கெரெங்கா என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதன் பெயர் முசுறு.

மாங்காய் பறிக்க ஏறிய பையன் அலறிக்கொண்டு இறங்குவான். அன்று மாலையே மரத்தை வெட்டும் பேச்சு எழும். இல்லாவிட்டால் ஒரு டின் பூச்சி மருந்து காலியாகும்.

நேயர்களே, இரண்டுமே அவசர முடிவுகள். தென் சீனத்து ஆரஞ்சு விவசாயிகள் இந்த எறும்பைக் காசு கொடுத்து வாங்கினார்கள். கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சீன நூல், கூட்டோடு பையில் கட்டிச் சந்தையில் விற்றதைச் சொல்கிறது. பழத்தைக் கெடுக்கும் பூச்சிகளை அது தின்றுவிடும். பிற்காலத்தில் குவாங்டோங் தோட்டங்களில், எறும்பு மரத்துக்கு மரம் போய்வர மூங்கில் பாலமே கட்டிக் கொடுத்தார்கள்! வட ஆஸ்திரேலிய மாந்தோப்புகளிலும் இதன் காவலை விஞ்ஞானிகள் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதை மட்டும் பாதுகாக்கும் கெட்ட பழக்கமும் இதற்கு உண்டு. யாரிடம்தான் குறையில்லை?

கெரெங்காவின் வீடு மரம்தான். புழு சுரக்கும் பட்டு நூலால் இலைகளை ஒட்டி மேலேயே கூடு கட்டுகிறது. அது நம் வீட்டுக்குள் வருகிறதென்றால், வழி போட்டுக் கொடுத்தது நாம்தான். கூரையைத் தொடும் கிளை, மரத்தில் கட்டிய துணிக்கொடி, ஜன்னலில் படரும் கொடி. சீனர்கள் கட்டிய பாலத்தை நாம் அறுத்துவிட்டால் போதும். காயைத் தொரட்டிக் கம்பால் பறித்தால் பையனும் தப்பிப்பான்.

சமையலறையில் சர்க்கரை டப்பாவை மொய்ப்பது வேறு இனம். அதிலும் மஞ்சள் நிறப் பொடி எறும்பான ஃபாரோ எறும்பு பொல்லாதது. ஒரே கூட்டத்தில் பல ராணிகள். மருந்து அடித்தால் கண்ணெதிரே உள்ளவை சாகும். மிச்சக் கூட்டம் பிரிந்து நாலு இடத்தில் புதிதாகக் குடியேறும். அடித்தவர் வெற்றி என்று நினைப்பார். அடுத்த மாதம் குளியலறையிலும் எறும்பு! இதற்குக் கடையில் கிடைக்கும், இனிப்பில் கலந்த மெதுவாக வேலை செய்யும் மருந்தே சரி. வேலைக்கார எறும்பு அதை எடுத்துப்போய் ராணிக்கும் ஊட்டிவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மருந்தை எறும்பு தின்று முடிக்கும்வரை அந்தத் தடத்தைத் துடைக்கக் கூடாது. முடிந்தபின் சவர்க்கார நீரால் துடைத்தால் வழிகாட்டும் வாசனை போய்விடும். சுவர் விரிசலையும் குழாய் ஓட்டையையும் அடைப்பது அதற்குப் பிறகுதான்.

அரிசி மாவுக் கோலம் எறும்புக்கு இட்ட உணவு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கவனித்தால், அதை வாசலுக்கு வெளியேதான் போட்டார்கள். அடுப்படியில் சிந்தியதை இராத்திரியே துடைத்தார்கள்.

அவர்களிடமிருந்து வந்த இன்னொரு பழக்கத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அலமாரிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பது. எறும்பு ஏறாது, உண்மைதான். ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தக் கொஞ்சத் தண்ணீர் தாராளம். வீட்டில் கொசுப் புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் வரும். அதற்கு முன்பே டிங்கி வந்துவிடலாம். கிண்ணம் வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள், வாரம் ஒருமுறையாவது தண்ணீரைக் கொட்டி, உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சவர்க்காரம் கலந்த புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.