அசையும் பொருளும் ஈட்டுக் கடனும்

நகையை அடகு வைப்பதிற் குழப்பம் அதிகமில்லை. நகை அடகு பிடித்தவரின் பெட்டகத்தில் இருக்கிறது. கடன் தீர்ந்ததும் திரும்பி வருகிறது. இடையில் அதனைப் பிறருக்கு விற்று ஏமாற்றக் கடனாளியால் இயலாது. ஆனால் தையல் இயந்திரத்தையோ மோட்டார் வண்டியையோ அவ்வாறு பூட்டி வைத்துவிட்டால், கடனை அடைக்கப் பணம் எங்கிருந்து வரும்? பொருள் கடனாளியின் கையில் இருக்க வேண்டும்; கடன் கொடுத்தவருக்கும் அதன்மேல் உரிமை வேண்டும். இந்தச் சிக்கலை இங்கிலாந்து அவிழ்க்க முயன்ற வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

அங்கே கடனாளி தன் பொருளின் உரிமையை ‘விற்பனை உறுதி’ என்னும் பத்திரத்தால் கடன் கொடுத்தவருக்கு மாற்றிக் கொடுத்து, பொருளைத் தானே வைத்து ஆள்வது வழக்கமாயிற்று. வீடு நிறையத் தளபாடம் கண்டு நம்பிக் கடன் கொடுத்தவர்கள், அவையாவும் முன்னரே இரகசியமாகக் கைமாறியிருக்கக் கண்டு திகைத்தனர். எனவே இத்தகைய உறுதிகளைப் பதிவு செய்தல் வேண்டுமென 1854இல் சட்டம் பிறந்தது. பின்னர் 1878ஆம், 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் எழுந்தன. ஏழைக் கடனாளியைக் காப்பதே பிந்தியதன் நோக்கம். 30 பவுணுக்குக் குறைந்த தொகைக்கு உறுதி எழுதலாகாது, சட்டம் வகுத்த வாசகத்தினின்று உறுதி பிறழலாகாது, சாட்சி வேண்டும், ஏழு நாளில் இலண்டன் உயர் நீதிமன்றத்திற் பதிய வேண்டும்.

குதிரை வண்டிக் காலத்து இச்சட்டம் மோட்டார் வண்டிக் கடனுக்குப் புத்துயிர் கொடுத்தமை விந்தையே. 2001இல் பதியப்பட்ட உறுதிகள் 3,000க்கும் குறைவு. 2014இலோ 52,000க்கும் மேல். கடனாளி வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் ஒப்படைப்பதால் ‘பதிவுப் புத்தகக் கடன்’ என்றே பெயர் வழங்கிற்று. உண்மையில் அப்புத்தகத்துக்குச் சட்டவலு எதுவுமில்லை, வலுவெல்லாம் உறுதிக்கே.

இன்னலுக்குள்ளாகிறவர் பெரும்பாலும் கடனுக்குத் தொடர்பே இல்லாத ஒருவர். பழைய வண்டியொன்றை நல்லெண்ணத்தோடு விலைக்கு வாங்குகிறார். அது வாடகைக் கொள்வனவில் உள்ள வண்டியாயின், 1964ஆம் ஆண்டுச் சட்டம் தனிப்பட்ட கொள்வனவாளரைக் காக்கிறது. விற்பனை உறுதிக்கு உட்பட்டதாயின் அக்காப்பு இல்லை. முன்னைய உடைமையாளரின் கடனுக்காக வண்டி பறிபோகலாம். பதிவைத் தேடிப் பார்க்கக் கூடாதா எனலாம். பதிவகம் வண்டி இலக்கத்தால் அன்று, கடனாளியின் பெயரால் அமைந்தது. வண்டி இரண்டு கை மாறியபின் விற்பவரின் பெயரைத் தேடி என்ன பயன்?

கடனாளியின் நிலையும் இத்தகையதே. வாடகைக் கொள்வனவில் மூன்றிலொரு பங்கு செலுத்தியவரிடமிருந்து நீதிமன்றக் கட்டளையின்றிப் பொருளைக் கைப்பற்றலாகாது. விற்பனை உறுதியில் அத்தகைய தடையில்லை.

அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த சட்ட ஆணைக்குழு, 2016இல் இவ்விரு குறைகளையும் நீக்கும் விதப்புரைகளை வெளியிட்டது. மூன்றிலொரு பங்கு செலுத்தப்பட்டபின் நீதிமன்றக் கட்டளை வேண்டும். வண்டியை ஒப்படைத்துக் கடனினின்று விலகும் உரிமை வேண்டும். ஏதுமறியாது வாங்கிய தனிப்பட்டவருக்குக் காப்பு வேண்டும் என்பன அவற்றுட் சில. 2017இல் மகாராணியாரின் பாராளுமன்ற உரையிலும் புதிய சட்டமூலம் இடம்பெற்றது. 2018 மே மாதத்திலோ, அக்கடன் வணிகம் சுருங்கி வருவதையும் காரணங்காட்டி, அரசாங்கம் அதனைக் கைவிட்டது. சுருங்கிய வணிகத்திலும் வண்டியை இழப்பவரின் இழப்புச் சுருங்குவதில்லை. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டமே தொடர்ந்து நின்றது.

விற்பனை உறுதிச் சட்டங்கள் செல்லாத ஸ்கொட்லாந்து வேறு வழி சென்றது. 2023இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அசையும் பொருளின் மீதான ஈடுகளுக்கென மின்னியற் பதிவேடொன்று 2025 ஏப்ரல் முதலாந் திகதி திறக்கப்பட்டது.