வெட்டித் தொகுத்த ஒலியும் சான்றுதான்



தலைமை உரை ஆற்ற வேண்டும் என்று மாநாட்டுச் செயலாளர் கேட்டதும் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் என் கட்டுரைகளை மறுத்து எழுதியவர்கள். மீதிப் பேர் இனிமேல் எழுதப்போகிறவர்கள். மயிலாப்பூரில் பேசுகிறவர் இசையில் பிழை விட்டால் மண்டபத்தைத் தாண்டும் முன்பே திருத்தம் வந்துவிடும் என்ற பயம் வேறு.

மாநாட்டின் பொருள், திரைப்படம் முதல் கணினி விளையாட்டு வரை ஊடகங்களில் பின்னணி இசை. ரீல் ரீலாகத் திரையில் ஓடவிட்டு, இசைக்குழுவை உட்கார வைத்து ஆர்.ஆர். என்ற பின்னணி இசைப்பதிவை எடுத்த முறை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டு இசையின் கணக்கு வேறு. அங்கே இசைக்கு முன்கூட்டி முடிவான நீளம் கிடையாது. ஆடுபவர் கை போகும் போக்கில் அது போக வேண்டும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோவில் நேரம் தீரப்போகிறது என்றால் கோஜி கோண்டோவின் மெட்டு வேகமெடுக்கும். இதையெல்லாம் இளைய நண்பர்கள் நாளை என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். எனக்குக் கிடைத்த நேரத்தை நான் வேறொன்றுக்குச் செலவிடப் போகிறேன்.

படத்தின் வசனத்தையும் இசையையும் சுருக்கித் தந்த கதை-வசன இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் சொல்கிறேன். ‘திருவிளையாடல்’ (1965) வசனத்தைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. 1984-இல் ‘விதி’ வந்தபோது அதன் நீதிமன்றக் காட்சி டீக்கடையிலும் பேருந்திலும் நாடாவாக ஓடியது. ஆரூர்தாஸின் வசனத்துக்காக வாங்கினார்கள்; சங்கர்-கணேஷின் பின்னணி இசையும் கூடவே காதில் ஏறியது. நம் துறையில் அந்த இசையைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை நான் படித்ததில்லை.

முன்பொரு கருத்தரங்கில் இத்தகைய நாடாவை நான் சான்றாகக் காட்டியபோது, மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் எழுந்து, “இது வெட்டி ஒட்டிய சரக்கு, படத்தின் ஒலி ஆகாது” என்றார். அவையும் சிரித்தது. அவர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார். அன்பு மாறாமல் பதில் சொல்கிறேன். வெட்டியது உண்மை. இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு மணி நேர நாடாவுக்குள் அடக்க வேறு வழி ஏது? ஆனால் எதை வெட்டினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதுதானே நமக்கு வேண்டும்! படம் கண்ணில் இல்லாதபோது, ஒருவர் வீடு திரும்பினார், இரவு ஆனது, ஆண்டுகள் கழிந்தன என்பதை எந்த இசை சொல்லிவிடும், எதற்கு ஒரு வர்ணனைக் குரல் வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டுத் தீர்மானித்திருக்கிறார். தமிழில் பின்னணி இசையை முதலில் விமர்சனக் காதோடு கேட்டவர் அவர்தான். நான் பார்த்த உறைகளில் இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது. வெட்டித் தொகுத்தவர் பெயர் இல்லை.

இதையே திருப்பிக் கேட்கிறேன். இளையராஜா 1986-இல் தனித்தொகுப்பாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ இசையை இயக்குநர் பாலு மகேந்திரா எடுத்து ‘வீடு’ (1988) படத்துக்குப் பின்னணியாக வைத்தார். தட்டிலிருந்து படத்துக்குப் போனதைக் கலை என்று கொண்டாடுகிறோம். படத்திலிருந்து தட்டுக்கு வந்தது மட்டும் சரக்கா?

படத்தின் ஒலியைச் சுருக்கி ஒலிபரப்பிய வானொலி ஒலிச்சித்திரத்துக்கும் இதே கதிதான். காமராசர் சாலை வானொலி நிலையம் இங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. தியேட்டருக்குப் போக முடியாத எத்தனையோ பெண்களும் முதியவர்களும் ஞாயிறு பிற்பகல்களில் படம் ‘பார்த்தது’ வானொலி வழியாகத்தான். அவர்களுக்குப் பின்னணி இசை பின்னணியில் இருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தையும் பழைய பத்திரிகையையும் சான்றாக வைத்துச் சினிமா வரலாறு எழுதலாம் என்று திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன் நமக்குக் காட்டினார். நாம் அச்சோடு நின்றுவிட்டோம்.

நின்றதால் நேர்ந்த கோளாறு ஒன்று உண்டு. தமிழ்ப் பின்னணி இசை 1976-இல் இளையராஜாவின் ‘அன்னக்கிளி’யோடு தொடங்குகிறது, அதற்கு முன்னால் எல்லாம் ஒப்பேற்றல் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ராஜாவின் உயரத்தைக் காட்ட மற்றவர்களைப் பள்ளத்தில் நிறுத்த வேண்டியதில்லை. மயிலாப்பூரில் பிறந்த வீணை எஸ். பாலசந்தர் ஏவி.எம். நிறுவனத்துக்காக 1954-இல் ‘அந்த நாள்’ எடுத்தார். ஒரு பாட்டுக்கூட இல்லை. பாட்டில்லாத படத்தை இசையில்லாத படம் என்று வாசித்துப் பழகிவிட்டோம். இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனுக்கு உதவியாளராக இருந்த புகழேந்தியைப் பாட்டு மெட்டுக்காக நினைக்கிறோம். அவர்கள் சேர்ந்து செய்த ஆர்.ஆர். பற்றிப் பேச்சே இல்லை. வசனமும் இசையும் ஒற்றைத் தடத்தில் கலந்துவிட்ட காலத்துப் படங்கள் அவை. இசைத்தடம் தனியாக நமக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை. பாட்டுத்தட்டை மட்டும் கேட்டுப் பின்னணி இசையின் வரலாற்றை எழுதினால் 1976 என்ன, எந்த ஆண்டிலும் தொடங்கலாம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டுகிறார்கள். பரணில் கிடக்கும் நாடாக்கள் குப்பையோடு போகின்றன. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கதை-வசன நாடா இருந்தால் எடைக்குப் போடாமல், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒலிச்சித்திரம் தொகுத்த வானொலி ஊழியர் யாரையாவது தெரிந்தால், அவர் பேச ஒப்புக்கொள்ளும் நாளிலேயே போய்ப் பதிவுசெய்யுங்கள். அடுத்த மாநாட்டில் அவரை மேடையில் உட்காரவைப்போம்.