நகைச்சுவை நாடகமும் நாட்டு நடப்பும்



நகைச்சுவை நாடகம் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியது, அதற்கும் அரசியலுக்கும் உறவில்லை என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். மெய்ப்பாடுகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியரோ, நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களுள் எள்ளலையும் ஒன்றாகக் கூறினார். எள்ளல் என்றவுடன், எள்ளுவோர் யார், எள்ளப்படுவோர் யார் என்னும் வினா எழுகின்றது. அந்த வினா எழுந்த இடத்தில் அரசியலும் வந்து அமர்ந்துவிடுகின்றது.

மேலை நாடுகளில் இது வெளிப்படையாகவே நிகழ்ந்தது. 1965ஆம் ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சியில் ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற நாடகம் தோன்றியது. அதைப் பின்பற்றி 1971இல் அமெரிக்காவில் ‘ஆல் இன் த ஃபேமிலி’ எழுந்தது. இனவெறுப்பு நிறைந்த ஒரு குடும்பத் தலைவனே இரண்டிலும் நடுநாயகம். அவனது அறியாமையை நகையாடுவதே ஆக்கியோர் நோக்கம். ஆயினும் பார்த்தவர்களுள் ஒரு சாரார், அவன் தங்கள் உள்ளத்தில் உள்ளதையே பேசுவதாக மகிழ்ந்தனர். எய்தவன் ஓரிடம் குறிக்க, அம்பு வேறிடம் தைத்தது.

நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல்தான். அதற்கு முன்னர் நகைச்சுவைத் தொடர் நம் இல்லங்களுக்குள் செவி வழியாகவே புகுந்தது. அட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து லயங்களில், கொழுந்தெடுத்துத் திரும்பிய மக்களுக்கு வானொலிப் பெட்டியே நாடக மேடையாய் இருந்தது. காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் இரவெல்லாம் விழித்திருந்து கண்ட அம்மக்களுக்குக் கோமாளி புதியவன் அல்லன்.

1970களில் இலங்கை வானொலியில் அவ்வாறு புகழ் பெற்றது ‘கோமாளிகளின் கும்மாளம்’. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. அதில் நான்கு பேர், நான்கு விதமான தமிழ். மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். ஐயர் அந்தணர் தமிழ் பேசுவார். உபாலி சிங்களவர் பேசும் தமிழ் பேசுவார். மரிக்காராக எஸ். ராமதாஸ், அப்புக்குட்டியாக டி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராகப் பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் நடித்தனர். தமிழர் மரிக்காரானார், முஸ்லிம் அன்பர் ஐயரானார், தமிழர் ஒருவரே சிங்களவருமானார். ஒருவர் குரலை மற்றவர் அன்போடு ஏற்றுக்கொண்ட இந்தப் பாங்கைவிடச் சிறந்த அரசியல் சொற்பொழிவு யாது?

1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழி ஆக்கியிருந்த நாடு இது. அத்தகைய நாட்டில் சிங்களவர் ஒருவர் தட்டுத்தடுமாறித் தமிழ் பேச முயல்வதை மக்கள் கேட்டுச் சிரித்தனர். அச்சிரிப்பின் அடியில் ஒரு நிறைவும் இருந்திருக்க வேண்டும்.

மலையகத்தார் செவிக்கு இதில் இன்னொரு நயமும் உண்டு. உடைந்த தமிழை அவர்கள் முன்னரே அறிவர். ஆங்கிலத் துரைமார் தமிழ் கற்பதற்கென்றே கைநூல்கள் அச்சாகியிருந்தன. துரையின் தமிழ் வேலை வாங்குவதற்காகப் பிறந்த தமிழ், அது கட்டளையிடும். உபாலியின் தமிழோ உடன் வாழ்வதற்காகப் பிறந்தது, அது உறவாடும். இரண்டும் பிழைபட்ட தமிழே. எனினும் ஒன்றைக் கேட்டு முதுகுக்குப் பின்னால்தான் சிரிக்க முடிந்தது. மற்றதைக் கேட்டு முகத்துக்கு நேரே சிரிக்க முடிந்தது.

ஆனால் இங்கே ஒரு குறையையும் சொல்லாமல் விடுதல் தகாது. அந்த நால்வருள் மலையகத் தமிழ் பேசும் ஒருவர் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. வானொலியில் கோமாளிகள் சிரிப்பூட்டிய அதே ஆண்டுகளில், தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டிகளில் குடும்பங்கள் கண்ணீருடன் பிரிந்துகொண்டிருந்தன. மலையகத் தொழிலாளரின் வாழ்வு திரைக்கு வந்தது, 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ படத்தில். துயரத்தின் மேடையில் நமக்கு இடம் கிடைத்தது; சிரிப்பின் மேடையில் நாம் நாற்காலி பெறவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏளனச் சொல்லோ நாட்டில் தடையின்றி உலவியது. ஒருவரை வசைபாடி நகைப்பது வேறு. வீட்டாருள் ஒருவராக வைத்து நகைப்பது வேறு. பின்னது ஒரு வகைக் குடியுரிமை.

அப்படியாயின் பழைய நகைச்சுவை இன்று எவ்வாறு நிற்கின்றது? விலைவாசி பற்றிய கேலி அந்த விலைகளோடு பழசாகிவிடும். பேச்சுவழக்கை மட்டுமே நம்பிய சிரிப்பும் நாளடைவில் தேய்ந்துபோகும். நீடிப்பதை அளக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. எவரைக் குறித்துச் சிரிக்கிறோமோ அவரும் அதே அறையில் அமர்ந்து கேட்கட்டும். அவர் எழுந்து போகாமல் தாமும் சிரிப்பாரானால் அந்த நகைச்சுவைக்கு முதுமை இல்லை. கோமாளிகள் நால்வரும் இந்தச் சோதனையில் தேறுவர் என்றே நம்புகிறேன். 1983ஆம் ஆண்டு ஜூலையின் தீயைக் கண்ட பின்னர், அந்த நால்வரின் கூடிய குரல் நமக்கு இழந்துபோன ஒன்றின் எதிரொலியாகவும் கேட்கின்றது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாடற்றவர் என்ற பெயர் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு எழும் இளநகை சட்டத்தால் நீங்குவதன்று. ஆதலின், இனி நாடகம் எழுதும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஐந்தாவது நாற்காலி ஒன்றைப் போடுங்கள். அதில் மலையகத்தார் ஒருவர் அமரட்டும். அவர் அறிவிலியாகவும் வேண்டா. அழுது நிற்பவராகவும் வேண்டா. மற்றவரைப் பார்த்து அவர் சிரிக்கட்டும். அவரைப் பார்த்து மற்றவரும் சிரிக்கட்டும்.