பிழை வந்த வழி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து நான்கு பேர் வைத்தியர்களானோம். மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும், நால்வரும் கூடிப் பேசித்தான் இந்த உரையைத் தயாரித்தோம். ஆகவே "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

கொரோனாக் காலத்தில் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட "மரபணு வரிசைப்படுத்தல்" என்றால் என்ன, அது எதற்கு உதவியது என்று எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லுமாறு சங்கத்தினர் கேட்டார்கள். அதற்கு எங்கள் ஒன்பதாம் ஆண்டு வகுப்பறைக்குப் போனால் போதும். ஒருநாள் விஞ்ஞான டீச்சர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். ஏழு பேருடைய கொப்பிகளில் "ஒளித்தொகுப்பு" என்பது "ஒலித்தொகுப்பு" ஆகியிருந்தது. அந்த ஏழில் மூன்றில் மட்டும் "பச்சையம்" என்பதும் "பச்சயம்" ஆகியிருந்தது. டீச்சர் யாரையும் விசாரிக்கவில்லை. கொப்பிகளை மேசையில் பரப்பினார். ஏழுக்கும் மூலம் ஒன்று, இந்த மூன்றும் அதிலிருந்து பிரிந்த ஒரு கிளை என்றார். ஆனால் அந்த மூவரில் யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. மூவருக்கும் பிழை ஒன்றுதானே! ஏழு பேரும் அன்று இடைவேளைக்கு வெளியே போகவில்லை என்பது வேறு கதை.

வைரஸும் அப்படிக் கொப்பியடிக்கிற பிள்ளைதான். கொரோனா வைரஸின் மரபணு ஏறக்குறைய 30,000 எழுத்து நீளமானது. பிரதிக்கு மேல் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை விடும். சராசரியாக மாதத்துக்கு இரண்டு பிழைகள் நிலைத்துவிடும். மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் உள்ள எழுத்துகளைப் படித்து, பொதுப் பிழைகளைக் கொண்டு கிளை பிரிப்பதுதான் ஆய்வுகூடத்தின் வேலை.

இது கொரோனாவுடன் வந்த வித்தை அல்ல. நாங்கள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருந்த 1989ஆம் ஆண்டில்தான் இலங்கையில் டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் பெரிதாகத் தலையெடுத்தது. டெங்கு அதற்கு முன்பும் இருந்தது, நுளம்பும் இருந்தது. பிறகு ஏன் திடீரென்று இப்படி? பாதுகாத்து வைத்திருந்த பழைய வைரஸ் மாதிரிகளையும் புதியவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளியானது. அதே மூன்றாம் வகை டெங்கு வைரஸ்தான், ஆனால் பழைய கிளை போய்ப் புதிய கிளை ஒன்று வந்திருந்தது. 2017இலும் அப்படித்தான். சில வருடங்களாக முதலாம் வகை பரவியிருந்த நாட்டில் இரண்டாம் வகை மேலோங்கியது. 186,000 பேருக்கு மேல் நோயாளிகளானார்கள். அந்த வருடம் கண்டியில் வார்ட்டுகளில் நின்றவர்களுக்குக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்த நினைவு போகாது.

கொரோனாவுக்கு வருவோம். 2020 மார்ச்சில் அக்குறணை மூடப்பட்டது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே கடை வரிசையில் தள்ளி நின்றவர்களைப் பார்த்தோம். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களின் ஊர் அது. அக்டோபரில் பழி இடம் மாறியது. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குத் தொற்று உறுதியானது. அடுத்த சில நாட்களில் அதே தொழிற்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இருப்பது தெரியவந்தது. ஒரே ஆளிடமிருந்து அத்தனை பேருக்குச் சில நாட்களில் எப்படிப் பரவும்? முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர் வேறு, முதலில் தொற்றியவர் வேறு. இது வைத்தியருக்குப் பாலபாடம். அப்படியிருந்தும் நாடே அந்தப் பெண்ணைத்தான் ஏசியது.

பிறகு பேலியகொடை மீன் சந்தையில் கொத்தணி. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகே, வைத்தியர் சந்திம ஜீவந்தர ஆகியோரின் குழுவினர் மாதிரிகளைப் படித்தார்கள். தொழிற்சாலையிலும் சந்தையிலும் இருந்தது ஒரே கிளை. பின்னர் அதற்கு பி.1.411 என்று பெயர் வந்தது. பெரும்பாலும் இலங்கையில் மட்டுமே காணப்பட்ட கிளை அது.

அந்த நவம்பரில், தீபாவளிக்கு முன்பாக, புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை எங்கள் வார்ட்டுக்கு வந்தாள். வயது இருபத்திரண்டு. கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவள் வீட்டுக்கு வந்து பத்து நாளில் லயத்தில் எட்டுப் பேருக்குத் தொற்று. அவளுடைய அம்மாயி எங்கள் கண்முன்னேதான் இறந்தார். அவளது தாயாரைப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லையாம். ஒரு நாள் ரவுண்டின்போது கேட்டாள்:

"நாந்தான் கொண்டாந்தேனா டொக்டர்?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த படிவத்தில் "தொற்று மூலம்" என்ற இடத்தில் அவளுடைய தொழிற்சாலையைத்தான் எழுதியிருந்தோம்.

மாதிரியை வரிசைப்படுத்தினால் அவளுக்குப் பதில் கிடைக்குமா என்று அன்றிரவு எங்களுக்குள் பேசினோம். கிடைக்காது. மாதத்துக்கு இரண்டு பிழை விடுகிற வைரஸ், நாலைந்து நாளில் ஒருவரிலிருந்து அடுத்தவருக்குத் தாவுகிறது. ஒரே வீட்டில் நால்வருடைய எழுத்துகள் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கலாம். அவளுடைய அண்ணனும் அதே கிழமை கொழும்பிலிருந்து வந்திருந்தான். மரபணு பாதையைக் காட்டும், ஆளைக் காட்டாது. எழுத்துகள் பல இடங்களில் வேறுபட்டிருந்தால் "இவரிடமிருந்து அவருக்கு இல்லை" என்று சொல்லலாம். ஒத்துப்போனால் "இருக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க முடியாது.

பாதை தெரிவதே பெரிய உதவிதான். 2021 சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் எண்ணிக்கை ஏறியபோது, பழைய கிளையின் இடத்தை பிரித்தானியாவில் முதலில் கண்ட அல்பா பிடித்துவிட்டது என்பதை வரிசைப்படுத்தல்தான் காட்டியது. ஜூனில் தெமட்டகொடையில் டெல்டா கண்டுபிடிக்கப்பட்டது. கொழும்பில் இருப்பது கண்டிக்கு வர எத்தனை நாள்? மூன்று மணி நேர பஸ் பயணம். ஒட்சிசனையும் கட்டில்களையும் எண்ணத் தொடங்கினோம். எண்ணியது போதவில்லை, ஆனாலும் எண்ணாமல் இருந்ததை விட மேல்.

சென்ற வருடம் அந்தப் பிள்ளை மறுபடி வந்தாள். இப்போது இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய். குழந்தைக்கு டெங்கு. அவள் பழையதை எடுக்கவில்லை, நாங்களே எடுத்தோம். ஒளித்தொகுப்புக் கொப்பிக் கதையைச் சொன்னோம். படிவத்தில் என்ன எழுதினோம் என்பதையும் சொன்னோம்.

"அப்ப அண்ணனாவும் இருக்கலாமா டொக்டர்?"

"இருக்கலாம். ரெண்டு பேரும் இல்லாமலும் இருக்கலாம். நீங்க வருவதற்கு முந்தியே லயத்துக்கு வந்திருக்கவும் கூடும்."

கொஞ்ச நேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, இன்றைக்கு பிளேட்லெட் எத்தனை என்று கேட்டாள்.