வசதியும் அந்தரங்கமும்

(உப்பலில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் வீற்றிருப்பதே மரபு. அவற்றுக்கிடையே சிறிது நேரம் ஒதுக்கி, நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைப்பேசியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். கூகுள், ஆப்பிள், வாட்ஸ்அப் போன்ற பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து விலகிவிடலாமா என்று நம் இளைஞர் சிலர் கேட்கின்றனர். ‘எல்லாரும் பயன்படுத்துவதை நாம் மட்டும் ஏன் விட வேண்டும்?’ என்று பெரியவர்கள் கேட்கின்றனர். இரண்டும் நியாயமான வினாக்களே. ஆதலின் ஒரு தட்டில் வசதியையும் மறு தட்டில் அந்தரங்கத்தையும் வைத்து, நடுநின்று நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் வசதியின் தட்டு. வசதியை இழித்துப் பேசுவது எளிது, ஆயினும் முறையன்று. சென்னைக்கும் நமக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. நெல்லையிலும் தஞ்சையிலும் வாழும் பெற்றோரின் முகத்தை நாள்தோறும் மாலையில் நமக்குக் காட்டுவது இக்கருவியே. தேநீர்க் கடையில் பணம் செலுத்துவதும், மெட்ரோ ரயிலுக்குச் சீட்டெடுப்பதும், மின்கட்டணம் கட்டுவதும் இதன்வழியே நடைபெறுகின்றன. தெலுங்கு அறியாமல் புதிதாக வந்து இறங்கும் குடும்பத்துக்கு வழிகாட்டியும் இதுவே. குருதி தேவையென்று சங்கக் குழுவில் ஒரு வரி எழுதினால், ஒரு மணி நேரத்தில் நால்வர் மருத்துவமனை வாயிலில் நிற்கின்றனர். திருமண அழைப்பும் இழவுச் செய்தியும் இன்று அக்குழுவிலேதான் வருகின்றன. எனவே, ஒருவர் விலகும்போது சொகுசை மட்டும் இழக்கவில்லை. உறவின் ஒரு பகுதியையும் இழக்கிறார். புலம்பெயர்ந்து வாழ்வோர்க்கு இது சிறிய விலையன்று.

இனி மறு தட்டு. நம் உப்பலில் சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சிக் கழகம் இருப்பதை அறிவோம். 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய அளவைப் பணி, நாளடைவில் இந்நாடு முழுவதையும் அளந்தது. அன்று நிலத்தை அளக்க மனிதர் கருவிகளைச் சுமந்து வெயிலில் நடந்தனர். இன்றோ மனிதனை அளக்க எவரும் நடக்க வேண்டியதில்லை. அளக்கும் கருவியை நாமே விலை கொடுத்து வாங்கி, நாமே சுமந்து திரிகிறோம்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஷ்மிட் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எவரும் தொடாமல் கிடந்த ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி 24 மணி நேரத்தில் 340 முறை தன் இருப்பிடத் தகவலைக் கூகுளுக்கு அனுப்பியது. அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-ல் செய்த ஆய்வில், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இரண்டுமே சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தத்தம் நிறுவனத்தோடு தொடர்பு கொள்வதாகக் கண்டார். கூகுள் இவ்வாய்வுகளை ஏற்கவில்லை என்பதையும் சொல்வது நேர்மை. ஆயினும், எங்கே செல்கிறோம், எதைத் தேடுகிறோம், எந்த மருத்துவரை நாடுகிறோம் என்னும் செய்திகள் ஓரிடத்தில் குவியும்போது, நம்மை நாம் அறிந்ததைவிட நன்றாக அறிந்த ஒரு வணிகன் உருவாகிறான் என்பதை எவரும் மறுக்கார்.

‘மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?’ என்று கேட்போர் உண்டு. நம் நாட்டுச் சட்ட வரலாறே அதற்கு விடை கூறும். கொள்ளை வழக்கில் சான்று இன்மையால் விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பாரின் வீட்டுக் கதவை, உத்தரப் பிரதேசக் காவலர் இரவு நேரங்களில் தட்டி எழுப்பி வந்தனர். அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1962-ல் நீதிமன்றம் அந்த இரவு வருகைகளைத் தடுத்தது. ஆனால் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்பதை ஏற்கவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012-ல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். குற்றமற்றவனுக்கும் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும் என்பதே அதன் பொருள். வீட்டுக்குத் தாழிடுபவர் எல்லாரும் கள்ளப் பொருளா வைத்திருக்கின்றனர்?

இவ்வுரிமையைக் காக்க 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் தரப்பட்டது. சட்டம் வரட்டும், நன்றே. எனினும் சட்டம் வரும்வரை கதவைத் திறந்து போட்டு உறங்க வேண்டுமென்பதில்லை.

அப்படியானால் விலகும் வழிகள் யாவை? ஆண்ட்ராய்டின் மூல நிரல் எவரும் எடுத்தாளக்கூடியது. அதிலிருந்து கூகுளின் சேவைகளை நீக்கி அமைக்கப்பட்ட லினேஜ் ஓ.எஸ்., கிராபீன் ஓ.எஸ். போன்ற இயங்குதளங்கள் உள்ளன. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேணி வளர்க்கப்பட்ட நிறுவனம் ஒன்று உருவாக்கிய பார் ஓ.எஸ்., 2023 ஜனவரியில் அறிமுகமாயிற்று. அதுவும் இவ்வகையைச் சேர்ந்ததே. தானாக எந்தச் செயலியையும் திணிக்காதது. அன்றே அது கடைவீதிக்கு வந்துவிடவில்லை; தகவல்களைக் கடுமையாகக் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கென வழங்கப்பட்டது.

இவ்வழிகளுக்கு விலையும் உண்டு. வங்கிச் செயலிகள் பல, கைப்பேசியின் மூல அமைப்பு மாற்றப்பட்டிருப்பதைக் கண்டால் இயங்க மறுக்கின்றன. எல்லாக் கைப்பேசிகளும் இம்மாற்றத்துக்கு இடம் தருவதில்லை. அரைகுறை அறிவோடு மாற்றி அமைத்து, பின்னர்ப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறாமல் விட்டால், வணிகனுக்கு மறைத்த செய்தி திருடனுக்குத் திறந்துவிடும். ஆகவே, வல்லார் செய்யத்தக்க இப்பணியை எல்லார்க்கும் கட்டாயமாக்குதல் தகாது.

‘வெளிநாட்டு நிறுவனத்தை விட்டு நம்மவர் நிறுவனத்துக்குப் போனால் போதாதா?’ என்னும் வினாவும் எழுகிறது. தமிழகத்தின் சோஹோ நிறுவனம் அளித்த ‘அரட்டை’ செயலியில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெருந்திரளானோர் சேர்ந்தனர். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு செயலி நாடெங்கும் பேசப்பட்டது நமக்குப் பெருமையே. ஆயினும் அந்நாளில், அனுப்புவோரும் பெறுவோரும் அன்றி வேறெவரும் படிக்க இயலாத முழு மறையாக்கம், அதன் குரல் அழைப்புகளுக்கு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. வாட்ஸ்அப்பிலோ அக்காப்பு 2016 முதலே உண்டு. சுதேசி என்பது வேறு, அந்தரங்கம் என்பது வேறு. இரண்டும் ஒன்றாக அமைந்தால் சிறப்பு. ஒன்றைக் காட்டி மற்றொன்று இருப்பதாகக் கொள்வது பிழை.

வாட்ஸ்அப்பில் காப்பு இருக்கையில் கவலை எதற்கு? கடிதத்தின் உள்ளே இருப்பதை அது படிப்பதில்லை. உறையின் மேலிருப்பதை அறியும். யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினர் என்பதே ஒரு பெருஞ்செல்வம். 2021 ஜனவரியில் அந்நிறுவனம் புதிய விதிகளை அறிவித்து, ‘ஏற்றுக்கொள்க, இன்றேல் விலகுக’ என்னும் நிலையில் மக்களை நிறுத்தியது. இதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது.

அந்த 2021-ல் நிகழ்ந்ததே நமக்குப் பாடம். சினம்கொண்ட மக்கள் கூட்டங்கூட்டமாக ‘சிக்னல்’ செயலிக்குச் சென்றனர். ஆனால் அங்கே சென்று பார்த்தபோது அண்ணன் இல்லை, அத்தை இல்லை, அலுவலகத்தார் இல்லை. பேசுவதற்கு ஆளில்லாத ஊரில் எத்தனை நாள் தங்க முடியும்? பெரும்பாலோர் பழைய இடத்திலேயே தொடர்ந்தனர். அவர்களது உறுதி குறைந்ததென்று நாம் கருதவில்லை. தனித்தனியே புறப்பட்டதே குறை. தனிமரம் தோப்பாகாதன்றோ?

அன்பர்களே, இவ்விடத்தில்தான் தராசின் முள் நிற்கிறது. அந்தரங்கத்தைத் தனி மனிதரின் சொந்த உடைமை என்று நாம் எண்ணுகிறோம். அது உண்மையன்று. நம் கைப்பேசியில் இருக்கும் முகவரிப் பட்டியல் நம்முடையதா? அதிலுள்ள 300 எண்களும் 300 பிறருடையவை. ஏதோ ஒரு செயலி கேட்டதும் ‘அனுமதி’ என்று நாம் அழுத்தும்போது, பக்கத்து வீட்டுத் தாயாரின் எண்ணையும், ஊரிலுள்ள மாமனாரின் எண்ணையும் அவர்களைக் கேளாமலே எடுத்துக் கொடுக்கிறோம். விழாவில் ஆடிய குழந்தைகளின் படத்தை எங்கும் பரப்பும்போது, பேசத் தெரியாத அக்குழந்தைகளின் அந்தரங்கத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம். அதேபோல் வசதியும் தனியுடைமையன்று. மகன் ஒரு செயலியை விட்டு விலகினால், அவன் முகம் காணாமல் வாடுபவள் தாய். கொடுப்பதும் இழப்பதும் கூட்டாக நிகழும்போது, முடிவு மட்டும் தனியாக எடுக்கப்படுவது எங்ஙனம் பொருந்தும்? ஒருவர் விலகினால் அவருக்கு இழப்பு மிகுதி, பயன் சிறிது. 100 குடும்பங்கள் ஒருநாளில் சேர்ந்து ஓரடி நகர்ந்தால், இழப்பு சிறிது, பயன் மிகுதி. அதனைச் செய்யக்கூடியது சங்கம் ஒன்றே.

ஆகவே, முழுத்துறவும் வேண்டா, முழுச்சரணும் வேண்டா. செயற்குழுவின் ஆய்வுக்காக நான்கு கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, சங்க உறுப்பினர் பட்டியல் செயலாளரின் பேரேட்டில் இருக்கட்டும். கைப்பேசிக் குழுக்களில் சுற்றிவர வேண்டா. இரண்டாவது, குழந்தைகளின் படங்கள் பெற்றோர் இசைந்தால் நம் மலரில் அச்சாகட்டும். பொதுவெளியில் போட வேண்டா. மூன்றாவது, சங்கக் குழுவை மட்டும் ஒரு நாள் குறித்து, எல்லாரும் ஒன்றாகச் சிக்னல் போன்ற ஒரு செயலிக்கு மாற்றி, மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். அது விளம்பரத்தால் அன்றி நன்கொடையால் இயங்குவது. ஒரு குழுவில் 1,000 பேர் வரை இருக்கலாம். ஊரிலுள்ள உறவினருக்காகப் பழைய செயலியும் கைப்பேசியில் இருந்துவிட்டுப் போகட்டும். வங்கியும் யு.பி.ஐ.யும் இருந்தபடியே இருக்கட்டும். நான்காவது, மாற்றம் நடைபெறும் நாளில் நம் இளைஞர்கள் முதியோர் இல்லந்தோறும் சென்று அதனை அமைத்துத் தரட்டும். கைப்பேசியே இல்லாதவர்க்கும் வேண்டாதவர்க்கும், இழவும் திருமணமும் நேரில் சென்றோ தொலைபேசியிலோ சொல்லப்படட்டும். ஒருவரையும் விட்டுவிட்டு நகரும் விலகல் நமக்கு வேண்டா.

இவற்றோடு இன்றிரவே ஒவ்வொருவரும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கைப்பேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு இருப்பிடமும் முகவரிப் பட்டியலும் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். கைவிளக்குச் செயலிக்கு நம் உறவினர் பெயர் எதற்கு? வேண்டாதவற்றை மூடிவிடுங்கள். இதற்கு அறிவியல் புலமை தேவையில்லை. ஐந்து நிமிடமும் பிள்ளைகளின் சிறு உதவியும் போதும்.

மூன்று மாதம் கழித்து, பழையதே நன்று என்று பெரும்பான்மையோர் கருதினால் திரும்பிவிடலாம், அதில் இழுக்கில்லை. அன்று நாம் தெரிந்து எடுத்த முடிவாக அது இருக்கும். இன்றிருப்பதோ நம்மைக் கேளாமல் பிறர் எடுத்த முடிவு. பிறந்த ஊரை விட்டு வந்தும் மொழியைக் கூடிக் காத்தவர்கள் நாம். நம் இல்லங்களின் பேச்சையும் அவ்வாறே கூடிக் காப்போமாக.